நிழற்படக் காமிரா சலனப்படம் பிடித்த வரலாறு

காமிராவின் சிறப்பைக் கூறுவோர் முதலில் அதன் படப்புள்ளிகளின் எண்ணிக்கையையே கூறுவர். புள்ளிகள் மிகுந்தால் படம் தெளிவாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். சலனப்படத்திற்கும் இவ்வளவுகோல் பொருந்துமா? 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

எஸ்.எல்.ஆர். எனப்படும் காமிராவில், வில்லைக்குப் பின்னே சாய்ந்து நிற்கும் ஆடி ஒன்று ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. படமெடுக்கும் கணத்தில் மட்டும் ஆடி மேலெழுந்து, ஒளி உணரியில் விழ வழிவிடும். சலனப்படத்திற்கு முதல் தடை இந்த ஆடியே. ஆடியை உயர்த்தியபடியே வைத்து, உணரி காணும் காட்சியைப் பின்புறத் திரையில் தொடர்ந்து காட்டும் முறை வந்த பின்னரே அத்தடை நீங்கியது.

2008 ஆகஸ்டில் ஜப்பானின் நிக்கான் நிறுவனம் டி90 காமிராவை அறிவித்தது. சலனப்படம் பிடிக்கும் முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இதுவே. வினாடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றிலும் 1280 × 720 புள்ளிகள். அடுத்த மாதமே கேனான் நிறுவனத்தின் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. இது வினாடிக்கு 30 படங்களை 1920 × 1080 புள்ளிகளில் பதிவு செய்தது. இதன் உணரியின் பரப்பு டி90-இன் உணரியைப் போல ஏறத்தாழ 2.3 மடங்கு. ஆகவே மங்கிய ஒளியிலும் இது நன்கு படம் பிடித்தது. 2010 மே மாதத்தில் ஒளிபரப்பான 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பகுதி ஒன்று இக்காமிராவினாலேயே படமாக்கப்பட்டது.

எனினும் குறைகள் இருந்தன. 5டி மார்க் 2-இன் உணரியில் சுமார் 2 கோடியே 10 லட்சம் புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 30 முறை இவை யாவற்றையும் படிப்பதெனில், 63 கோடி அளவீடுகள் வேண்டும். அது இயலாமையால், சில வரிசைகளைப் படித்துச் சிலவற்றை விட்டுவிடும் முறை கையாளப்பட்டது. இதனால் செங்கற்சுவர், கோடு போட்ட சட்டை போன்றவற்றில் இல்லாத அலைக்கோலங்கள் தோன்றின. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதே கோலம் தெரியும்.

மற்றொரு குறை, வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுவதால் நேர்வது. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை படிக்க 1/40 வினாடி ஆகிறது என வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயில் அதற்குள் சுமார் 42 செ.மீ. நகர்ந்துவிடும். எனவே அதன் நேரான சன்னல்கள் படத்தில் சாய்ந்து தெரியும்! டி90-இல் இக்குறை நன்கு புலப்பட்டது.

2012 இல் 5டி மார்க் 3 வெளிவந்தது. அதன் புள்ளிகள் சுமார் 2 கோடியே 23 லட்சம். முன்னதைவிடச் சற்றே அதிகம். சலனப்படத்தின் அளவோ அதே 1920 × 1080. ஆயினும் அலைக்கோலங்கள் பெரிதும் மறைந்தன. மாறியது புள்ளிகளின் தொகையன்று. அவற்றைப் படிக்கும் முறையே.

பின்னர் ஆடியே இல்லாத காமிராக்கள் எஸ்.எல்.ஆரின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. ஆனால் பாடம் மாறவில்லை. எத்தனை புள்ளிகள் என்பதோடு நின்றுவிடாமல், அவற்றுள் எத்தனை படிக்கப்படுகின்றன, எவ்வளவு விரைவாகப் படிக்கப்படுகின்றன என்றும் கேட்பதே அறிவியல் நோக்கு.