போட்வின்னிக்கின் திட்டமும் ஸ்லேட்டின் மறு எழுத்தும்

முழுசாகப் பிளான் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதா, இல்லை அரைகுறையாகவாவது தொடங்கித் திருத்திக்கொண்டே போவதா? எங்க ஊர் செங்கலில் வீடு கட்டுகிறவர்கள் துபாயிலிருந்து போனில் போடுகிற சண்டை இதுதான். செஸ் புரோகிராம் எழுதியவர்கள் நடுவிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. நான் பி.காம் படித்த பேங்க்காரன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

ஒரு பக்கம் மிகயீல் போட்வின்னிக். 1948-ல் உலக சாம்பியன் ஆனவர், மின்பொறியியலில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். பெரிய ஆட்டக்காரன் எல்லாக் காய் நகர்த்தலையும் பார்ப்பதில்லை, குறி வைத்துத் திட்டம் போடுகிறான். அதை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார். 1970-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று 'பயனியர்' என்ற புரோகிராமில் முழுசாக இறங்கினார். 1995-ல் காலமானார். பயனியர் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை.

மறுபக்கம் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்லேட், லாரி அட்கின். இவர்களுடைய 'செஸ் 3' வரிசை 1970, 71, 72 மூன்று வருஷமும் அமெரிக்கக் கம்ப்யூட்டர் செஸ் போட்டியில் முதலிடம். ஜெயிக்கிற குதிரையை யாராவது விற்பார்களா? இவர்கள் ஓரங்கட்டிவிட்டு முதலிலிருந்து எழுதினார்கள். 1973-ல் வந்த 'செஸ் 4' நல்ல நகர்த்தலை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும் அலசியது. 1974 ஸ்டாக்ஹோமில் சோவியத்தின் 'கைஸ்ஸா'வுக்கு அடுத்த இடம். 1977 டொராண்டோவில் உலகக் கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புரோகிராம் யோசிக்கிற விதமும் அப்படியே. முதலில் ஒரு நகர்த்தல் ஆழம். பிறகு ஆரம்பத்திலிருந்து இரண்டு, மறுபடி மூன்று... வெட்டி வேலை மாதிரி தெரியும். ஆனால் போன சுற்றில் தேறிய நகர்த்தலை முதலில் பார்ப்பதால் தேவையில்லாத கிளைகளைச் சீக்கிரம் வெட்டிவிடலாம். மொத்தத்தில் நேரம் மிச்சம்.

2008-ல் வந்த ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினிலும் இதே கதைதான். 2013 முதல், சின்னத் திருத்தம் என்றாலும் பழைய வடிவத்தோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதித் தேறினால்தான் உள்ளே அனுமதி.

அப்படியானால் போட்வின்னிக் சொன்னது தப்பா? களத்தில் இறங்காத திட்டத்துக்குத் தோற்கவும் வழியில்லை, கற்கவும் வழியில்லை. அவருக்கு நேர்ந்தது அதுதான். ஆனால் சென்னைப் பையன் குகேஷுக்குப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருஷங்களில் எஞ்சின் இல்லாமல்தான் பயிற்சி கொடுத்தார். பையன் 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன். மனுஷன் யோசிக்கிற விதத்தைப் போட்வின்னிக் சரியாகவே பிடித்திருந்தார். எந்திரம் மனுஷன் இல்லை, அவ்வளவுதான்.