மருத்துவக் கட்டுரைப்படியில் தமிழின் தடம்: மானிப்பாயும் சத்தியமங்கலமும்

ஆய்வுச் சுருக்கம்
பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவம் தமிழ்நூலாக்கம் பெற்றபோது மொழிபெயர்ப்பின் தடம் நூலிலேயே பதிவாயிற்று. இன்று தமிழில் திரட்டப்படும் நலவாழ்வுத் தரவு ஆங்கிலக் கட்டுரையாகும்போது அத்தடம் பெரும்பாலும் மறைகிறது. டிஜிட்டல் நலவாழ்வு இதழ்களுக்குக் கட்டுரைப்படி அமைக்கும் நெறிகளின் வரலாற்றைச் சத்தியமங்கலம் பகுதியின் மொழிச்சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டுரைப்படி, டிஜிட்டல் நலவாழ்வு, கிறீன், கலைச்சொல், சத்தியமங்கலம்

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிப் பின்னர் அதன் பயிற்றுமொழியையும் தமிழாக்கினார். அவரும் அவருடைய மாணாக்கரும் அச்சுக்கு அளித்த நூல்களுள் ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) ஆகிய மூன்றின் தலைப்புகள் மட்டுமே ஒரு மொழிபெயர்ப்புக் கொள்கையைக் காட்டப் போதுமானவை. இரணம் மக்கள் வழக்கிலும் மருத்துவ வழக்கிலும் முன்பே வழங்கிய சொல். அங்காதிபாதம் வடமொழிக் கூட்டு. கெமிஸ்தம் ஆங்கில ஒலிக்குத் தமிழ் ஈறு தந்து ஆக்கியது. இவற்றுள் எது சிறந்தது என்னும் விவாதம் வேறு. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் படிப்பவர் காண இயலும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

கிறீனின் காலத்தில் தமிழ் சென்றுசேரும் மொழியாக இருந்தது. இன்றைய மருத்துவ ஆய்வில் அது புறப்படும் மொழி. 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் கட்டுரைப்படிகளுக்குரிய பொது நெறிகளை வகுத்தனர். அக்குழுவே பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவாக வளர்ந்தது. முன்னுரை, ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்னும் நால்வகைப் பகுப்பு இன்று உலகெங்கும் வழங்குகிறது. 1999-இல் குந்தர் ஐசன்பாக் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் மெடிக்கல் இன்டர்நெட் ரிசர்ச்’ டிஜிட்டல் நலவாழ்வுக்கென எழுந்த முன்னோடி இதழ். இணையவழிக் கணக்கெடுப்பைப் பற்றிய கட்டுரை எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கு 2004-இலும், இணையவழி, கைபேசிவழிச் சிகிச்சைச் சோதனைகளுக்கு 2011-இலும் அவ்விதழில் சரிபார்ப்புப் பட்டியல்கள் வெளிவந்தன. பின்னதன் ஒரு கூறு தமிழ் ஆய்வாளர் ஊன்றி நோக்கத்தக்கது. பங்கேற்பாளர் கண்ட திரையின் படங்களையும் செயலியின் அமைப்பையும் பிறர் மீளச் செய்து பார்க்கும் வகையில் இணைக்குமாறு அது கோருகிறது. திரையில் இருந்தது தமிழெனில், அந்தத் தமிழும் ஆய்வுச் சான்றாகிறது என்பது இதன் உட்பொருள்.

இதன் தேவையைச் சத்தியமங்கலம் பகுதி தெளிவாக உணர்த்துகிறது. பவானி ஆற்றங்கரையிலுள்ள இவ்வூரிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் தாளவாடி. அங்குக் கன்னடம் பரவலாகப் பேசப்படுகிறது. காட்டையொட்டிய குடியிருப்புகளில் ஊராளி, சோளகர் முதலிய பழங்குடியினர் தத்தம் பேச்சுமொழிகளோடு வாழ்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டி, ஒப்புதல் படிவம் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும் என்கிறது. கட்டுரைகளில் இது ‘வட்டார மொழியில் ஒப்புதல் பெறப்பட்டது’ என்னும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுவதுண்டு. தாளவாடியில் அவ்வரிக்குப் பொருள் யாது? தமிழில் அச்சிட்ட படிவமா, கன்னடத்தில் வாய்மொழியாக விளக்கியதா, சோளகர் ஒருவர் இடைநின்று சொன்னதா? மூன்றும் மூன்று வேறு ஆய்வுமுறைகள்.

சமவெளியிலும் சிக்கல் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திற்குப் பின் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து பதிவது தமிழகத்தில் இயல்பாகிவிட்டது. அளவுகள் எண்களாதலால் மொழிமாற்றத்தில் சிதையா. நோயாளி உரைக்கும் குறிகளின் நிலை அதுவன்று. ‘மயக்கம்’ என்னும் சொல் தலைசுற்றலையும் நினைவிழத்தலையும் தூக்கக் கலக்கத்தையும் சுட்டும். செயலியில் ‘மயக்கம்’ என்றிருந்த கட்டத்தைத் தொட்ட ஒருவரின் விடை, ஆங்கில அட்டவணையில் தலைசுற்றல் என்னும் பொருளுடைய சொல்லின் கீழ் ஏறுமாயின், இரத்த அழுத்த மாத்திரையின் பக்கவிளைவு பற்றிய முடிவே திசைமாறும். மதிப்பீட்டாளர் அதனைக் கண்டறிய வழியில்லை. அவர்முன் இருப்பது ஆங்கில அட்டவணை மட்டுமே. வினாவை மீள்மொழிபெயர்ப்பால் சோதித்தோம் என்று எழுதுவதும் இவ்விடத்தில் போதாது. ‘மயக்கம்’ ஆங்கிலத்திற்குச் சென்று மீண்டும் ‘மயக்கம்’ என்றே திரும்பிவரும். சோதனை வென்றதாகத் தோன்றும்.

ஆகவே தமிழ் வினாநிரலை அதன் எழுத்துவடிவிலேயே பின்னிணைப்பாக்குவதும், ஐயத்திற்கிடமான சொற்களுக்குக் களத்தில் கொள்ளப்பட்ட பொருளை ஆய்வுமுறைப் பகுதியில் குறிப்பதும் கட்டுரைப்படி ஆயத்தத்தின் பகுதியாதல் வேண்டும். பின்னிணைப்புக்குத் தாள் செலவில்லாத மின்னிதழ்களில் இதற்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனினும் எல்லாவற்றையும் இணைத்துவிட இயலாது. சில பத்து வீடுகளே உள்ள மலைக்குடியிருப்பொன்றில் ஊர்ப்பெயர், வயது, பால், நோய் ஆகிய நான்கும் ஒருசேர வெளிவந்தால் ஆளை அறிய வேறு குறிப்பு வேண்டா. கைபேசி தானே பதியும் இட ஆயத்தொலைவுகள் இன்னும் நுட்பமானவை. அத்தகு இடங்களில் குடியிருப்பின் பெயரை நீக்கி, நேர்காணலின் மொழியையும் இடைநின்று பெயர்த்தவர் உண்டா என்பதையும் இருத்திக்கொள்வதே தக்கது.