பேறுகாலப் பதிவேடுகளும் பிள்ளைகளின் இதயமும்

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் மருத்துவச்சிகளை மேற்பார்வையிட்ட எதெல் மார்கரெட் பர்ன்சைடு, 1911 முதல் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் முதலாண்டு நிறைவின் எடையையும் குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்பதையும், முளைத்த பற்களின் எண்ணிக்கையைக்கூட விடாமல், பதிவேட்டில் எழுதிவைக்கச் செய்தபோது, சிசு மரணத்தைக் குறைப்பதே அவ்வேற்பாட்டின் நோக்கமாக இருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அவ்வேடுகளைக் கண்டெடுத்த டேவிட் பார்க்கர் குழுவினர், அவற்றில் இடம்பெற்ற 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்து, எடை குறைந்த குழந்தைகளாக இருந்தோரே பின்னாளில் மாரடைப்பு போன்ற இதய நோய்களால் மிகுதியாக இறந்தனர் என்று 1989இல் வெளியிட்டனர். இதனால் ஆய்வாளர்களின் கவலை முழுவதும் ஊட்டமில்லாத தாயின்மீதே குவிந்தது. ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஏட்டில் தாயின் எடைக்குத் தனிப் பத்தி இல்லாததால், பருத்த தாயைப் பற்றிய கேள்வி அங்கே எழவும் வழியில்லை.

அந்த எடையையும் குறித்துவைத்த ஊர்களிலேயே கேள்வி எழுந்தது. ஹெல்சின்கியில் 1924 முதல் 1933 வரை பிறந்த ஆண்களை ஆராய்ந்தவர்கள், குள்ளமான தாய் பருமனாகவும் இருந்தால் மகனுக்கு இதய நோயால் இறக்கும் வாய்ப்பு கூடுவதை 1997இல் காட்டினர். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் ஏடுகள், 1934க்குப் பின் அங்கு பிறந்தோருள் எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இதய நோயும், எடை மிகுந்த தாய்மாருக்குக் குட்டையாகவும் கொழுகொழுவென்றும் பிறந்தவர்களுக்கு நீரிழிவும் மிகுந்திருந்ததைக் காட்டின. கொழுத்த குழந்தையே நலமான குழந்தை என்ற பழைய நம்பிக்கைக்கு இது உவப்பான செய்தியன்று.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஏடுகளே மிகத் தெளிவாகப் பேசின. கிலோகிராமிலான எடையை, மீட்டரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியெண் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உடற்பருமன் எனப்படும். அங்கு 1950 முதல் 1976 வரை பிறந்த 37,709 பேரைத் தொடர்ந்த ஆய்வு, அத்தகைய தாய்மாரின் பிள்ளைகள் உரிய காலத்துக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு கூடுதல் என்று 2013இல் அறிவித்தது. தாயின் குருதியில் மிகும் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்ல, சிசுவின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கிறது என்பதும், நீரிழிவுத் தாய்மாரின் சிசுக்களில் இதய அறைகளுக்கிடையிலான சுவர் தடிப்பதுண்டு என்பதும் இதற்கான விளக்கங்களுள் சில. எனினும் மரபணுவின் பங்கும் ஒரே அடுப்படியில் உண்டு வளர்ந்ததன் பங்கும் எவ்வளவு என்பதை அந்த ஏடுகளைக் கொண்டு பிரித்தறிய இயலவில்லை.