யாப்பை உடைச்சது யாரு?

தமிழில் யாப்பை உடைத்தவர்கள் என்று ஒரு வரலாறு சொல்லுவார்கள். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தார். ந. பிச்சமூர்த்தி அதில் எழுதினார். 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு. 1970இல் 'கசடதபற'. 1971இல் கோவையில் 'வானம்பாடி'. திருவண்ணாமலையில் காலேஜ் படிக்கும்போது நானும் இதைத்தான் மனப்பாடம் பண்ணினேன். அருணகிரிநாதர் சந்தம் பாடிய ஊரில், சந்தமில்லாமலும் எழுதலாம் என்று கேட்டதே அன்றைக்கு எனக்குப் பெரிய விடுதலை. பொய் சொல்லவில்லை.

செல்லப்பாவை நான் குறைத்துப் பேச மாட்டேன். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு காலேஜ் காலேஜாக அலைந்த மனுசன். ஆனால் 'எழுத்து' உடைத்தது செய்யுளின் வரியை மட்டும்தான். அந்த வரிக்குள் தனியாக உட்கார்ந்து வாழ்க்கையை விசாரித்துக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் படித்த, மேல்சாதி, நடுத்தர வர்க்கத்து ஆள். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். அடுத்து வந்த வானம்பாடிகள் விலை போடாமல் இதழ் கொடுத்தார்கள், புரட்சி பேசினார்கள். அவர்களில் பலர் தமிழாசிரியர்கள். உழைப்பாளி கவிதைக்குள்ள வந்தான். அவன் எந்தத் தெரு என்பது பெரும்பாலும் வரவில்லை.

நான் எழுதிய முதல் கவிதையை ஒரு ஆசிரியரிடம் காட்டினேன். புதுக்கவிதை ரசிகர்தான். எங்கள் வீட்டுக் கூரையில் தொங்கின உப்புக்கண்டம் அதில் இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "கவிதையில இதெல்லாம் வருமாப்பா? 'பசி'ன்னு போடு" என்றார். போட்டேன். அதுதான் வெட்கம்.

1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' வந்தது. பாலியல் தொழில் நடக்கும் தெருவின் பேச்சை அப்படியே மராத்திக் கவிதைக்குள் இறக்கினார். முன்னுரை எழுத வந்த விஜய் தெண்டுல்கர் பெரிய நாடகக்காரர். பல சொல்லுக்கு அவருக்கே அர்த்தம் தெரியாமல் தசாலைக் கேட்க வேண்டியிருந்தது. அதே வருசம் ராஜா டாலே, ஜே.வி. பவார் இவர்களோடு சேர்ந்து தசால் 'தலித் பேந்தர்ஸ்' தொடங்கினார். அங்கே விமர்சகன் அர்த்தம் கேட்டான். இங்கே அடித்தான். (கோயிலும் இப்படித்தான். நுழைவுச் சட்டம் 1939இல் வந்தது. நம்ம மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மனைப் பார்க்க 2023 ஜனவரி 30 வரை ஆனது, அதுவும் போலீஸ் காவலோடு.)

தமிழில் சொல் உடைந்தது 90களில். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் மேடைமேடையாகப் பாடினார். 1992இல் பாமாவின் 'கருக்கு'. 1997இல் என்.டி. ராஜ்குமாரின் 'தெறி', மந்திரவாதிக் குடும்பத்து மொழியோடு. 2002இல் சுகிர்தராணியின் முதல் தொகுப்பு. இவர்களைப் படித்த பிறகுதான் எனக்கு ஆயா ஞாபகம் வந்தது.

ஆயா சாவு வீடுகளில் ஒப்பாரி வைப்பாள். மேலத்தெருச் சாவுக்கும் கூப்பிடுவார்கள், வாசலோடு சரி. மூச்சு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும்தான் அவள் வரி. மூச்சு முட்டினால் அங்கேயே உடைப்பாள், மாரில் ஓர் அடி, அடுத்த வரி. செத்தவரின் பெருமையைப் பாடுகிற மாதிரியே அவர் அளக்காமல் விட்ட கூலி நெல்லையும் கணக்குச் சொல்லிவிடுவாள். படி அளக்கிற கை கொஞ்சம் நிற்கும். 'எழுத்து' வருவதற்கு முன்பே அவள் இப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்போது நான் 'எழுத்து' பற்றிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.