வகுப்பறைக்கு வந்த நூதனசாலை

சரித்திர பாடம் என்றவுடன் மாணாக்கர் பலருக்கு நினைவில் எழுவன ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் தளபதிகளின் பெயர்களுமே. இரண்டாவது உலக மகாயுத்தம் 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மூண்டு, 1945ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் முடிவெய்தியது என எழுதினால் பரீட்சையிற் புள்ளி கிடைத்துவிடும். ஆயின், அவ்விரு திகதிகளுக்கும் இடையே மாண்டோர் பல கோடியினர் என்று எழுதும்போது எந்தப் பிள்ளையின் கையும் நடுங்குவதில்லை. தொகை பெருகப் பெருக மனம் மரத்துப்போவது மனித இயல்பு.

ஹிரோஷிமா நகரத்துச் சமாதான நினைவு நூதனசாலையிலே துருவேறிய மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று உண்டு. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி காலை அணுகுண்டு வெடித்தபோது மூன்று வயதுப் பாலகன் ஒருவன் அதில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிரவே அவன் உயிர் பிரிந்தது. தந்தையார் மகனையும் அவன் சைக்கிளையும் வீட்டு வளவிலேயே புதைத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985இல், அதனைத் தோண்டியெடுத்து நூதனசாலைக்கு அளித்தார். பாடநூலின் நூறு பக்கங்கள் சொல்லாததை அந்தச் சிறு சைக்கிள் சொல்லிவிடுகின்றது. போர்க்கால நூதனசாலைகள் உலகெங்கும் எழுந்ததற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஹிரோஷிமாவுக்கும் அம்ஸ்ரர்டாமுக்கும் நேரிற் சென்று காணும் வசதி எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? நம்மூர்ப் பள்ளிக்கூடங்களிற் பயில்வோரில் ஆயிரத்தில் ஒருவருக்கேனும் வாய்க்குமா என்பது ஐயமே. இக்குறையைத் தீர்க்க வந்ததுதான் மெய்ந்நிகர் நூதனசாலை. உண்மையான கட்டிடத்தையும் பொருள்களையும் அளந்து, படம்பிடித்து, கணினியில் மீண்டும் அமைத்து, இணையத்தின் வழியாக எந்த வகுப்பறைக்கும் அனுப்பிவிடுகிறார்கள். மாணாக்கர் திரையிலே அறைக்கு அறை செல்லலாம். அதற்கென உள்ள கண்ணாடிகளை அணிந்தாலோ, அந்த அறையிலேயே நிற்பது போன்ற தோற்றம் உண்டாகும். போலந்திலுள்ள அவுஸ்விற்ஸ் நினைவு நூதனசாலை, வழிகாட்டி ஒருவர் நேரடியாக விளக்கஞ் சொல்லித் தொலைவிலுள்ளோரை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறது. 2020இல் வந்த பெருந்தொற்று பள்ளிகளையும் நூதனசாலைகளையும் ஒருங்கே மூடிய காலத்தில் இத்தகைய முறைகளின் பயன் யாவர்க்கும் விளங்கலாயிற்று.

இவ்வளவும் நன்மையே. எனினும் சரித்திரம் பயிலும் நாம் ஒரு வினாவை எழுப்பாமல் இருக்க இயலாது. திரையிற் கட்டிய வீடு சரித்திரச் சான்றாகுமா? அன்றிச் சான்றைக் கொண்டு புனைந்த சித்திரமா? இவ்வினாவுக்கு விடை காண, ஒல்லாந்து தேசத்து வீடொன்றின் கதையைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி 1929ஆம் ஆண்டு ஜேர்மனியிலுள்ள பிராங்போர்ட் நகரிற் பிறந்தாள். 1933இல் ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறியதும் அவள் குடும்பத்தார் ஒல்லாந்துக்குப் பெயர்ந்தனர். 1940ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி ஜேர்மன் படைகள் ஒல்லாந்தினுள்ளும் புகுந்தன. 1942ஆம் ஆண்டு ஜூலை 5ஆந் திகதி தமக்கை மார்கொற்றை ஜேர்மனியில் வேலை செய்ய வருமாறு கட்டளை வந்தது. மறுநாளே அக்குடும்பம், தந்தை ஒற்றோ பிராங்கின் வியாபார நிலையமாகிய பிரின்சென்கிராக்ற் 263ஆம் இலக்கக் கட்டிடத்தின் பின்புறப் பகுதியில் ஒளிந்துகொண்டது. அதன் வாயிலை மறைத்தது ஒரு புத்தக அலுமாரி. எட்டுப் பேர் அங்கே ஏறக்குறைய ஈராண்டு வாழ்ந்தனர். 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆந் திகதி அனைவரும் பிடிபட்டனர். உயிருடன் மீண்டவர் ஒற்றோ பிராங்க் ஒருவரே. ஆனும் மார்கொற்றும் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேர்கன் பெல்சன் முகாமில் இறந்தார்கள். ஒல்லாந்திலிருந்த யூதருள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறே அழிக்கப்பட்டனர்.

அவர்கள் பிடிபட்ட பின்னர், ஆக்கிரமிப்பாளர் அவ்வீட்டிலிருந்த கட்டில், மேசை, கதிரை முதலிய யாவற்றையும் அகற்றிவிட்டனர். 1960ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி அவ்வீடு நூதனசாலையாகத் திறக்கப்பட்டபோது அறைகள் வெறுமையாகவே இருந்தன. வேறு தளபாடங்களைக் கொண்டுவந்து நிரப்ப ஒற்றோ பிராங்க் உடன்படவில்லை. அகற்றப்பட்டவை அகற்றப்பட்டவையாகவே தோன்றட்டும் என்பது அவர் விருப்பம். சுவரிலே ஆன் ஒட்டிய நடிகர் படங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வளர வளர உயரத்தைக் குறித்த பென்சிற் கோடுகள் இருக்கின்றன. நேசநாட்டுப் படைகளின் முன்னேற்றத்தை ஒற்றோ குறித்துவந்த நோமண்டிப் படமும் இருக்கின்றது. மற்றவை இல்லை. அந்த இன்மையே அங்கு பெரிய சாட்சி.

மெய்ந்நிகர் வீட்டின் நிலை வேறு. 1999ஆம் ஆண்டில் அறைகள் தற்காலிகமாகத் தளபாடங்களால் நிரப்பப்பட்டுப் படம்பிடிக்கப்பட்டன. பின்னர் மீண்டும் வெறுமையாக்கப்பட்டன. 2010இல் ஒளிவிடம் முழுவதும் இணையத்திலே காட்சிக்கு வந்தது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கண்ணாடி அணிந்து உலாவக்கூடிய அமைப்பும் வெளியாயிற்று. இவற்றில் அறைகள் நிறைந்திருக்கின்றன. ஆனின் எழுதுமேசை அதன் இடத்தில் உள்ளது, கட்டில் விரிக்கப்பட்டிருக்கிறது. இப்பொழுதுதான் வெளியே சென்றார்கள், இதோ திரும்பி வருவார்கள் என்று எண்ணும்படி யாவும் அமைந்திருக்கின்றன.

ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு தோற்றங்கள் உண்டாயின. நேரிற் செல்வோன் காண்பது வெற்றறை. வகுப்பிலிருப்போன் காண்பது நிறைந்த அறை. இவற்றுள் எது உண்மை? இரண்டும் உண்மையே என்பது நமது கருத்து. நிறைந்த அறை 1943ஆம் ஆண்டின் உண்மை. எட்டுப் பேர் எவ்வளவு நெருக்கத்தில், பகல் முழுவதும் காலடி ஓசையும் எழாமல் வாழ்ந்தனர் என்பதை வெற்றறை காட்டாது. வெற்றறையோ 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக்குப் பிந்திய உண்மை. அவர்கள் திரும்பி வரவில்லை என்பதை நிறைந்த அறை காட்டாது. முதலாவதை மட்டும் கண்ட பிள்ளை அவ்வீட்டை அறிவான். அவ்வீட்டுக்கு நேர்ந்ததை அறியான். ஆகவே, மெய்ந்நிகர் வீட்டைக் காட்டும் ஆசிரியர், பாடம் முடியுமுன் இன்றைய வெற்றறையின் படத்தையுங் காட்டுதல் வேண்டும். ஏன் இது வெறுமையாயிருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும். அக்கேள்வியிலேதான் சரித்திர பாடம் தொடங்குகின்றது.

‘படம் எப்படியிருந்தால் என்ன, பிள்ளையின் மனத்தில் இரக்கம் உண்டானாற் போதாதா?’ எனச் சிலர் வினவக்கூடும். போதாது என்போம். யூதப் படுகொலை நிகழவேயில்லை என்று சாதிப்போர் போர் முடிந்த நாள் தொட்டு இருந்துவருகின்றனர். ஆனின் நாட்குறிப்பே கட்டுக்கதை என அவர்கள் பரப்பினர். அதனை மறுத்தவர்கள் கண்ணீரைக் கொண்டு மறுக்கவில்லை. ஒல்லாந்து அரசின் போர் ஆவண நிறுவனம் நாட்குறிப்பின் தாளையும் மையையும் கையெழுத்தையும் விஞ்ஞான முறைப்படி ஆராயச் செய்து, அம்முடிவுகளோடு 1986இல் ஆராய்ச்சிப் பதிப்பை வெளியிட்டது. பொய்யை வென்றது சான்று. கணினி எந்தக் காட்சியையும் நொடியில் ஆக்கித்தரும் இக்காலத்தில், ஆக்கிய காட்சிக்கும் எஞ்சிய சான்றுக்கும் வேற்றுமை அறியாத மாணாக்கன், நாளை ஒருவன் ‘இதுவும் ஆக்கியதே’ என்று சொன்னால் என்ன விடை கூறுவான்? நாம் அஞ்சுவது இதனையே.

இவ்வேற்றுமையை மதித்துச் செய்யப்பட்ட முயற்சிகளும் உள. போலந்து நாட்டு லொட்ஸ் நகரில் 1932இற் பிறந்த பின்கஸ் குற்றர் என்பார், வார்சோ நகரச் சேரியிலிருந்து 1943இல் மைதானெக் முகாமுக்குக் குடும்பத்தோடு கொண்டுசெல்லப்பட்டவர். பெற்றோரும் இரட்டைச் சகோதரியான சபீனாவும் அங்கே கொல்லப்பட்டனர். பின்னாளில் அவர் அம்முகாமுக்குத் திரும்பிச் சென்று நடந்ததைச் சொல்வதை மெய்ந்நிகர்ப் படமாக எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். முகாமின் கட்டிடங்கள் அளவு பிசகாமல் அதில் அமைந்துள்ளன. ஆனால் தம் சகோதரியின் முகம் தமக்கு நினைவில்லை என்றும், அவளுடைய பொன்னிறப் பின்னல் மட்டுமே நினைவிலுள்ளது என்றும் அவர் சொல்கின்றார். எத்தனை கமராக்கள் வைத்தாலும் அந்த முகத்தை மீட்கமுடியாது. இட்டுக்கட்டிய முகமொன்றைக் காட்டாமல் அம்முதியவரின் சொல்லை மட்டும் வைத்தமையினாலேயே அப்படம் சாட்சியமாகின்றது.

இவரே வேறொரு புதுமுறைக்கும் முன்னோடியாக அமைந்தார். 1994ஆம் ஆண்டு திரைப்பட இயக்குநர் ஸ்ரீவன் ஸ்பில்பேர்க் தொடக்கிய ஷோவா நிறுவனம், 50,000க்கு மேற்பட்ட சாட்சியங்களைத் திரட்டி வைத்துள்ளது. உயிர்தப்பியவரை அமர்த்தி, பல கமராக்களின் முன் ஆயிரத்துக்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடைகூறச் செய்து பதிந்துகொள்ளும் முறையையும் அது ஏற்படுத்தியது. மாணாக்கன் ஒருவன் கேள்வி கேட்டால், பொருத்தமான விடையைக் கணினி தெரிந்து காட்டும். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விடையைத் தெரிவதுதான் கணினியின் வேலை. விடையைச் சொன்னவர் மனிதர். தாம் சொல்லாத ஒரு சொல்லும் அவர் வாயில் ஏற்றப்படுவதில்லை. இந்த எல்லையைக் காக்கும் வரையிலேயே அது சரித்திரம்.

இனி, மீண்டும் ஹிரோஷிமாவுக்கு வருவோம். அம்மாநிலத்திலுள்ள புக்குயாமா தொழில்நுட்ப உயர்பள்ளியின் மாணாக்கர், குண்டு வீழ்வதற்கு முன்னும் பின்னும் அந்நகர்ப் பகுதி இருந்த நிலையை மெய்ந்நிகர்க் காட்சியாக ஆக்கினர். 2018இல் உலகப் பத்திரிகைகள் அதனை எழுதின. ஐந்து நிமிடக் காட்சிக்கு ஏறக்குறைய ஈராண்டு உழைத்தார்கள். பழைய நிழற்படங்களைத் தேடினார்கள். அங்கு வாழ்ந்து உயிர்தப்பிய முதியோரிடம் சென்று, கட்டிடங்கள் எவ்வாறிருந்தன என்று கேட்டறிந்தார்கள். பின் தாம் ஆக்கியதை அவர்களுக்கே காட்டினார்கள். நமது எண்ணத்தில், இங்கே சிறந்த பாடம் அந்த ஐந்து நிமிடமன்று; அந்த ஈராண்டே. இந்தச் சுவர் என்ன நிறம், இந்தக் கூரை எத்தகையது என்று ஒவ்வொன்றுக்கும் சான்று தேடிய பிள்ளைகள், தாம் அறியாமலே சரித்திராசிரியர் ஆயினர்.

காலமும் குறுகிவிட்டது. அணுகுண்டுக்குத் தப்பியோராக யப்பானிய அரசு பதிந்துள்ளோரின் தொகை 2025ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் முதன்முறையாக ஒரு இலட்சத்துக்குக் கீழ் இறங்கியது. அப்போது அவர்களின் சராசரி வயது 86. நேரிற் கண்டவரின் வாயிலிருந்து கேட்கும் கடைசித் தலைமுறை நாமே.

மெய்ந்நிகர் முறைக்கு எதிராகக் கூறப்படும் தடையொன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். கண்ணாடி அணிந்து முகாமினுள் ஐந்து நிமிடம் உலாவிய பிள்ளை, அங்கு வாடியோரின் துன்பத்தைத் தானும் அனுபவித்ததாக எண்ணிவிடக்கூடும். பாடசாலையில் அத்துன்பங்களை நடித்துப் பார்க்கும் பயிற்சிகளைத் தவிர்க்குமாறு, வாஷிங்டனில் 1993இல் திறக்கப்பட்ட யூதப் படுகொலை நினைவு நூதனசாலை ஆசிரியர்களுக்கு அறிவுறுத்துகின்றது. பசித்தவனின் பசியைப் படத்தில் உணரலாகாது. வேண்டியபோது கழற்றிவைக்கக் கூடிய கண்ணாடி, கழற்ற முடியாதிருந்த துயரத்தைக் காட்டிவிட்டதாகச் சொல்வது பெரும் பிழை. இடத்தின் அமைப்பைத் திரை கற்பிக்கட்டும். துன்பத்தை மனிதரின் வாக்குமூலம் கற்பிக்கட்டும்.

ஆகவே, மெய்ந்நிகர் நூதனசாலையை வகுப்பறையிற் பயன்படுத்தும் ஆசிரியர் மூன்று வினாக்களை மாணாக்கருக்குப் பழக்கவேண்டும் என்பது நமது துணிபு. இக்காட்சியில் எஞ்சிய பொருள் எது, பின்னர் அமைத்தது எது? அமைத்தவர் யாருடைய சொல்லை, எந்த ஆவணத்தை ஆதாரமாகக் கொண்டார்? இதிலே காட்டப்படாதவர் யார்? மூன்றாவது வினா மிக முக்கியமானது. ஆனின் பெயரை உலகம் அறியும். அவளைப் போல் அழிந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நாட்குறிப்பு இல்லை, வீடு இல்லை, மெய்ந்நிகர் அறையும் இல்லை. அவர்களுக்குத் திரையில் இடமில்லை என்பதால் சரித்திரத்திலும் இடமில்லை என்று பிள்ளை எண்ணிவிடலாகாது.

இவ்வினாக்களுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த கண்ணாடிகள் இல்லாத பள்ளியிலும் ஒரு கணினியும் ஒரு திரையும் இருந்தாற் போதும். கருவி எவ்வளவு சிறந்ததாயினும், கேட்கத் தெரியாத வகுப்பில் அது வெறும் வேடிக்கை.

சங்கத்து இளைஞர்காள்! கைக்குள் அடங்கும் தொலைபேசியிலே உலகத்து நூதனசாலைகள் திறந்திருக்கும் காலத்திற் பிறந்திருக்கிறோம். அவற்றினுள் நுழைவோம், நின்று நோக்குவோம், கேள்வி கேட்போம். பெரியோர்களே! உங்கள் காலத்தில் நீங்கள் கண்டவற்றை எங்களுக்குச் சொல்லுங்கள். திகதியும் இடமும் தவறாமல் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். நாளைக்கு எந்தப் பொறி எந்தக் காட்சியை ஆக்கினாலும், அதனை உரைத்துப் பார்க்கும் கல்லாக உங்கள் சொல் எங்களிடம் இருக்கும்.