இசைக்கருவிகள்: சுங்க வரியும் முகவர் கட்டணமும்
வெளிநாட்டிலிருந்து வரும் கருவிக்கு அரசு விதிக்கும் வரி வேறு, அதைக் கட்டிச் சரக்கை விடுவிக்கும் முகவரின் கூலி வேறு. பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் இசைக்கருவிகள் 92ஆம் அத்தியாயம். கிடாரும் வயலினும் அதில் 9202ஆம் தலைப்பு. கூரியர் நிறுவனம் வரியை முன்பணமாகக் கட்டி, தன் கட்டணத்தையும் சேர்த்துப் பெறுநரிடம் வசூலிக்கும். மலிவான புல்லாங்குழலுக்கு இக்கட்டணமே வரியை மிஞ்சலாம். கச்சேரி முடிந்து திரும்பும் கருவிகளுக்கு 1961 உடன்படிக்கையின் ஏ.டி.ஏ. கார்னே என்னும் தற்காலிக இறக்குமதி ஆவணம் உதவும், உறுப்பு நாடுகளில் ஓராண்டு வரை செல்லும்.

வரியையும் கட்டணத்தையும்விடப் பெருந்தொல்லை கருவி செய்யும் மரத்தால்தான். 2017இல் ரோஸ்வுட் பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்துமுடித்த கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. 1992 முதல் கடுந்தடையிலுள்ள பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அச்சலுகை இல்லை. பழைய கிடார் வாங்குவோர் சறுக்குவது இங்கேதான்.