கல்கத்தா பேராலயமும் நம்மவரும்

விக்டோரியா நினைவகத்துக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் பால்ஸ் பேராலயத்தை 'வெள்ளைக்காரன் கோயில்' என்பார்கள். என்னைக் கேட்டால், பாதி நம்ம கதைதான் அது! 1814-இல் அமைந்த கல்கத்தா திருமண்டலத்துக்குள் தஞ்சையும் நெல்லையும் அடக்கம். சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தது 1835-இல்தான். இரண்டாம் பேராயர் ஹீபர் 1826-இல் திருச்சியில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாதென்று கல்கத்தாவிலிருந்து உத்தரவு போட்டார். தஞ்சையில் பலர் கோயிலை விட்டே போய்விட்டார்கள். உத்தரவு போட்டால் சாதி போய்விடுமா என்ன?

அந்த வில்சன் கட்டி, 1847-இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தில்தான் 1912 டிசம்பர் 29 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அவரே முதல் இந்தியப் பேராயர். ஊழியத்துக்குப் போனதோ தெலுங்கு பேசும் டோர்ணக்கல்லுக்கு. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். 1945-இல் அங்கேயே மறைந்தார்.